பன்னிரண்டு கெஜம்

கொடிமலையில் மேகம் இறங்கினால்
அரைமணி நேரத்தில் எங்கள் திடலில் தண்ணீர்.
அதற்குத்தான் என்னைக் கூப்பிட்டார்கள்.
வடிகால் என் வேலை.
கூரை போடுகிறவர்களைப் படம்பிடிக்க ஆள் வரும்,
விளக்குக் கம்பத்துக்கு அமைச்சர் வருவார்,
எனக்கு வந்தது ஒரு ஜோடி ரப்பர் காலணி,
அதுவும் ஒரு சைஸ் பெரிது.

மேற்குப் படிக்கட்டை உடைத்த அன்று
சிமெண்டு இடுக்கில்
கச்சான் பூத்தே மடித்த தாள்,
முள் இல்லாத கைக்கடிகாரம்,
ஒரு பல்செட்டின் மேல்பாதி.
கோல் விழுந்தபோது கத்தினாரா அவர்,
விழாதபோதா?

இருபது பேர் நெருக்கியடித்த படியில்
இனிப் பதினொரு நாற்காலி.
நீலம். எண் போட்டது.
மூத்திர நாற்றம் ஒழியும் என்று
எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கும்தான்.
இந்தப் பக்கம் பெண்களுக்கென்று
ஒரு கதவுகூட இருந்ததில்லை.

புல்லைப் பாய்போல் சுருட்டினோம்.
அடியில் மணல்.
மணலுக்கு அடியில் நிலக்கரிச் சாம்பல்,
ஓடுபாதைக்காக வெள்ளைக்காரன் கொட்டியது.
அதற்கும் கீழே கருங்களி,
மண்வெட்டியைக் கவ்விக்கொண்டு விடவில்லை.
ஷொஹாக்தான் முதலில் பார்த்தான்:
சுடுமண் குழாய், நடுவில் விரிசல்,
விரிசலில் பொட்டுப் பொட்டாய்த் தண்ணீர்,
எத்தனை வருஷமாகவோ.

நாடாவை இழுத்துப் பிடித்தேன்.
வடக்குக் கோல் கோட்டிலிருந்து
பன்னிரண்டு கெஜம்.
ஓரங்குலம் கூடவில்லை.

அந்த இடத்துக்கு இந்த ஊரில் ஒரு பெயர் உண்டு.
மரியசூசை.
அரையிறுதி, எண்பத்தெட்டாவது நிமிடம், பெனால்டி.
ஓடிவந்தார், இடதுகால் வழுக்கியது.
பந்து மதிலைத் தாண்டி
சாலையில் போன பஸ்ஸின் கூரையில் விழுந்து
ஆயர் ஈத்தாம் போய்ச் சேர்ந்தது என்பார்கள்.
(மதிலைத் தாண்டியது உண்மை.
பஸ் சந்தேகம்.)
அப்புறம் எவன் எதைத் தவறவிட்டாலும்,
ஃபெரியை, பரீட்சையை, நல்ல சம்பந்தத்தை,
"மரியசூசை அடிச்சிட்டான்" என்பதுதான் பேச்சு.
ஆளைப் பார்க்காமலே
நானும் சொல்லி வளர்ந்தவள்.

குழிக்குள் நின்றபடி எண் விசாரித்து
போன் போட்டேன்.
கை நடுங்கியது, ஒரு கைதிக்கு
விடுதலைத் தாள் கொண்டுபோகிறவள்போல.

மோட்டாரில் வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.
துறைமுகத்தில் முப்பது வருஷம் கிரேன் ஓட்டியவர்,
குழியை மேலிருந்து பார்க்கத் தெரிந்திருந்தது.
குழாயைக் காட்டினேன். விரிசலைக் காட்டினேன்.
தரை மெத்தென்று இருந்திருக்கும், ஐயா,
உங்கள் தப்பே இல்லை என்றேன்.

"அன்னிக்கு மழையே இல்லம்மா.
மூணு வாரமாக் காஞ்சு கிடந்த தரை, கல்லு மாதிரி.
பூட்ஸ்தான் என்னோடது இல்ல.
இடைவேளையில என்னோடது பிளந்துபோச்சு,
ஜைலானி கழட்டிக் கொடுத்தான். ஒன்பது.
என் காலு எட்டு.
முன்னால பேப்பர் திணிச்சிருந்தேன்."

ஏன் ஒருத்தரிடமும் சொல்லவில்லை?

"வெறுங்காலோட பெஞ்சில உக்காந்திருந்தான்.
சொன்னா அவனைத்தானே ஏசுவாங்க."

பிறகு என் காலணியைப் பார்த்தார்.
"உனக்கும் பெருசுதான் போல."
அவ்வளவுதான். மோட்டார்
மூன்றாவது உதைக்குத்தான் கிளம்பியது.

அறிக்கையில் எழுதினேன்:
பழுது, குழாய் விரிசல்.
காரணம், வயது.
பாதிப்பு என்ற கட்டத்தில்
பேனாவை வைத்து எடுத்துவிட்டேன்,
ஒரு புள்ளி விழுந்துவிட்டது.

இப்போது அங்கே கறுப்புப் பிளாஸ்டிக் குழாய்,
ஆறங்குலம், நூற்றுக்கு ஒன்று சரிவு.
நேற்று நல்ல மழை.
புதுக்கூரை இரண்டு இடத்தில் ஒழுகியது,
அது என் வேலை இல்லை.
புல் பத்து நிமிடத்தில் வடிந்தது.

காவலாளி தேத்தண்ணிக்குப் போனதும்
காலணியைக் கழற்றிப் போட்டுவிட்டு
புள்ளியிலிருந்து நாலு எட்டுப் பின்னால் போய்
ஓடிவந்தேன்.
பந்து இல்லை.
படிக்கட்டிலிருந்து பார்க்கும்போது
அந்தக் கோல் இவ்வளவு சின்னதாக இருந்ததில்லை.